லேசர் ஒளியால் பெயர் பொறித்தல்: கண்ணும் மூச்சும் கவனம்

கோவிலுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கிலும் தட்டிலும் உபயகாரர் பெயர் பொறிப்பது நம் வழக்கம். ஊரில் உளியால் வெட்டிய அவ்வெழுத்தை இன்று லேசர் இயந்திரம் எழுதுகிறது. வுப்பர்டாலுக்கு அயலூரான சோலிங்கனின் கத்திகளிலும் லேசர் எழுத்தைக் காணலாம்.

கரியமிலவாயு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அதன் 10.6 மைக்ரான் ஒளியை மரம், தோல், அக்ரிலிக், கண்ணாடி, கருங்கல் ஆகியவை நன்கு உறிஞ்சும். பளபளப்பான பித்தளையும் செம்பும் அதைத் திருப்பிவிடும். உலோகத்துக்கு 1.06 மைக்ரான் ஃபைபர் லேசரே ஏற்றது. எதையும் முதலில் கழிவுத் துண்டொன்றில் குறைந்த சக்தியில் சோதியுங்கள். மரம் கருகினால் வேகத்தைக் கூட்டுங்கள்.

வைத்தியனாக நான் அஞ்சுவது இரண்டுக்கு. ஒன்று கண். ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. விழித்திரையைச் சுடும்போது வலியும் இராது. சுட்ட இடம் மீளாது. பித்தளையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே அதற்குப் போதும். ஆகவே மூடியுள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். மூடியைத் திறந்து வேலை செய்யாதீர்கள். மூடியில்லையேல் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த காப்புக் கண்ணாடி அணியவேண்டும். வெயில் கண்ணாடி உதவாது.

மற்றது புகை. பி.வி.சி.யையும் அது கலந்த செயற்கைத் தோலையும் சுட்டால் ஐதரசன் குளோரைடு கிளம்பி மூச்சுக்குழாயை அரிக்கும். இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக்கை வைக்கவே வேண்டாம். புகையைக் குழாய்வழி வெளியேற்றுங்கள். தீப்பிடிக்கக் கூடுமாதலால் ஓடும் இயந்திரத்தை விட்டு அகலாதீர்கள்.

பார்வை மங்கினால் அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் 112-ஐ அழையுங்கள். பிள்ளைகளுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்குமுன் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.