ஆசிரியர் கூட்டுத் தலைமை

ஆசிரியர் கூட்டுத் தலைமை என்பது, கற்பித்தல் பற்றிய முடிவுகளைத் தலைமையாசிரியர் ஒருவரே எடுக்காமல், பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து எடுத்து, விளைவுக்கும் சேர்ந்தே பொறுப்பேற்கும் முறையாகும். வேலையைப் பங்கிடுவது மட்டும் கூட்டுத் தலைமை ஆகாது. ஆண்டு விழா, விளையாட்டு, பதிவேடுகள் என்று ஆளுக்கொரு பொறுப்பு எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. மூன்றாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை என்றால், அது யாருடைய கவலை என்பதே கேள்வி. அதை வகுப்பாசிரியரின் குறையாக மட்டும் பார்க்கும் பள்ளியில், அவர் அதை வெளியே சொல்லவே தயங்குவார். ஆசிரியர் கூட்டமும் சுற்றறிக்கையைப் படித்துக் கையொப்பம் வாங்குவதோடு முடிந்துவிடும்.

ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுவர். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பர். பிறகு பாடத்தைத் திருத்துவர். அங்கே விவாதிக்கப்படுவது பாடம்தான், நடத்தியவர் அல்ல.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு செயல்வழிக் கற்றல் உருவான விதம். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியில், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலிக்குச் சென்று, அங்கே ஒரே அறையில் பல வகுப்புக் குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தாமே கற்பதைப் பார்த்து வந்தனர். பிறகு நம் பாடத்திட்டத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகள் தயாரித்தனர். 2003இல் 13 பள்ளிகளில் முறை தொடங்கியது. அட்டையை எழுதியவர்களும் வகுப்பில் பயன்படுத்தியவர்களும் ஒரே வட்டத்தினர் என்பதே இதன் பலம்.

2007-08இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தொலைவிலுள்ள ஈராசிரியர் பள்ளிக்கு அட்டைகள் அச்சாகியே வந்து சேர்ந்தன. சென்னை ஆசிரியருக்குத் தம் கைவேலையாக இருந்தது, இவருக்கு மேலிடத்து உத்தரவாகப் பட்டதில் வியப்பில்லை. அட்டை போய்ச் சேர்ந்த அளவுக்கு அதை உருவாக்கிய அனுபவம் போய்ச் சேரவில்லை எனலாம்.

திருப்பூர்ச் சூழல்

திருப்பூரில், இராயபுரம் போன்ற பகுதிகளில், இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. பனியன் கம்பெனி வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. வேலை இருக்கும் இடத்துக்கு வீடு மாறுவதால் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் சேர்வதும் விலகுவதும் உண்டு. வீட்டில் இந்தி பேசும் குழந்தையும், தமிழ் சரளமாக வாசிக்கும் குழந்தையும் ஒரே பெஞ்சில் அமரும்போது, ஒருவர் தனியாகச் சமாளிப்பது கடினம்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டால், மூன்று வகுப்புகளின் அரும்பு நிலைக் குழந்தைகளையும் தினமும் ஒரு பாடவேளை ஒருவரிடம் விடலாம். அதற்குக் கால அட்டவணையை மாற்ற வேண்டும். "என் பிள்ளைகள், உன் பிள்ளைகள்" என்ற பேச்சையும் விட வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

இடமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் போய்விட்டால் கூட்டு முயற்சி குலையக்கூடும். எந்தக் குழந்தைக்கு என்ன செய்து பார்த்தோம், எது பலித்தது என்று பொதுக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்தால், புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.