பள்ளிக்கூடத்தில் இடம் யாருக்கு?

பத்துப் பேருக்குத்தான் சோறு இருக்கிறது. பந்தியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்குப் பரிமாறுவது?

முதலில் வந்தவருக்கா? பணம் உள்ளவருக்கா? தெரிந்தவருக்கா?

பள்ளிக்கூடத்து இடமும் இப்படித்தான். கேட்பவர்கள் அதிகம். இடம் குறைவு. அப்போது யாருக்குக் கொடுப்பது நியாயம்? இதைப் பற்றிப் பார்ப்போம்.

நம் தங்கவயல்

கோலார் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த சுரங்கம் அது. தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தார். அப்பாவும் வேலை செய்தார். பிள்ளைக்கு அந்த வேலை இல்லை.

அதன் பிறகு பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். இன்றும் மாரிகுப்பத்தில் இருந்து விடியற்காலையில் ரயில் கிளம்புகிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப், உரிகம் எல்லா இடத்து மக்களும் அதில் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள்.

இவர்களில் பலருக்கு நிலம் இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கப் படிப்பு ஒன்றுதான் சொத்து. அதனால்தான் கோடை வந்தால் வீட்டுக்கு வீடு இதே பேச்சு: "பிள்ளையை எங்கே சேர்ப்பது? இடம் கிடைக்குமா?"

பல வழிகள் உண்டு

இடம் கொடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, வரிசை. முன்னால் வந்தவருக்கு முதல் இடம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பாதி ராத்திரியில் வந்து வரிசையில் நிற்க யாரால் முடியும்? விடியற்காலை ரயிலுக்கு ஓடும் அம்மாவால் முடியுமா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் ஆளை அனுப்பி வரிசையில் நிற்க வைப்பார்.

இரண்டாவது வழி, பரீட்சை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது. அப்பா அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்பது. வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை பதில் சொல்லும். மற்றப் பிள்ளை பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக் கொள்ளும். இந்தப் பரீட்சையில் பாஸ் ஆவது பிள்ளை அல்ல, வீடு.

மூன்றாவது வழி, நன்கொடையும் சிபாரிசும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நமக்கே தெரியும்.

நான்காவது வழி, தூரம். பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதல் இடம். சின்னப் பிள்ளை நடந்து போக வேண்டும். ஆகவே இது நல்ல வழிதான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நல்ல பள்ளி இருக்கும் தெருவில் வீட்டு வாடகை ஏறிவிடும். பணம் உள்ளவர் அங்கே குடி வந்து விடுவார். இங்கிலாந்து நாட்டில் பிரைட்டன் என்று ஒரு ஊர். அங்கே இதே சிக்கல் வந்தது. அதனால் 2008ஆம் ஆண்டு முதல், உயர்நிலைப் பள்ளியில் இடத்துக்கு மேல் பிள்ளைகள் கேட்டால் குலுக்கல் போட்டார்கள்.

ஐந்தாவது வழி அந்தக் குலுக்கல்தான். எல்லோருடைய பெயரையும் போட்டுக் குலுக்கிச் சீட்டு எடுப்பது. சீட்டுக்குப் பணக்காரர் தெரியாது. சாதி தெரியாது. சிபாரிசுக் கடிதம் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அது கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது.

பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்து இடம் கொடுக்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த தடவை 50,000 ரூபாய் வரை. நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அதைப் போல் 10 மடங்கு வரை அபராதம்.

இன்னொரு முக்கியமான விஷயம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளியும் முதல் வகுப்பில் 100க்கு 25 இடம் ஒதுக்க வேண்டும். வகுப்பில் 40 இடம் இருந்தால் 10 இடம். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அங்கிருந்தே ஒதுக்க வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கும் அந்த இடம். எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணம் கிடையாது. பள்ளிக்கு அரசு பணம் கொடுக்கும்.

தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரல் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் செல்லும் என்றது. அந்த ஆண்டே கர்நாடகத்தில் இந்த இடங்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 10 இடத்துக்கு 30 பேர் கேட்டால் குலுக்கல். பிற்பாடு விண்ணப்பமும் குலுக்கலும் கம்ப்யூட்டருக்கு மாறின.

குடத்துக்குள் யார் பெயர்?

குலுக்கல் நமக்குப் புதிது அல்ல. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே கோவில் சுவரில் கல்வெட்டு உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தியது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தை அது சொல்கிறது.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். எல்லோரும் கூடி நின்றார்கள். ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைக் காட்டி வாங்கினார். கைக்குள் வேறு ஓலையை மறைக்க முடியாது அல்லவா? இதுதான் குடவோலை முறை.

எவ்வளவு கவனம் பாருங்கள்! ஆனால் அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. நிலத்தில் உழைத்தவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை.

குலுக்கல் நேர்மையாகத்தான் நடந்தது. ஆனால் குடத்துக்குள் சிலர் பெயர்தான் இருந்தது.

இன்றைக்கும் இதை மறக்கக் கூடாது. நம் தெருவில் இப்படிப் பேச்சுக் கேட்கலாம்:

"என்னக்கா, உங்க பேத்திக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சுதா?"

"நாங்க அப்ளிகேஷனே போடலம்மா. பெரிய ஆளுங்களுக்குத்தான் கிடைக்கும்னு சொன்னாங்க."

"யாருக்கா சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

பெயரே போடாவிட்டால் சீட்டு எப்படி விழும்? வருமானச் சான்று கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் போடத் தெரியவில்லை. கடைசித் தேதி தெரியவில்லை. இப்படியும் பல பெயர்கள் குடத்துக்கு வெளியே நின்று விடுகின்றன.

இடங்கள் ஏன் குறைந்தன?

குடத்தில் பெயர் இருந்தும் எடுக்க இடம் இல்லாமல் போகலாம். கர்நாடகத்தில் அதுவும் நடந்தது.

2014 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது. தங்கவயலில் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் பல உண்டு. சிறுபான்மைப் பள்ளி என்று அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு 25 இடக் கணக்கு இல்லை. இந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொன்னார்கள்.

கர்நாடக அரசும் விதியை மாற்றியது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்றது. 2019ஆம் ஆண்டு மாநில உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. மாநிலம் முழுவதும் இந்த இடங்கள் வெகுவாகக் குறைந்தன.

மகாராஷ்டிராவிலும் இதே போல் விதி கொண்டு வந்தார்கள். 2024ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

எது நியாயம்? இரண்டு பக்கமும் பேச்சு இருக்கிறது. "அரசுப் பணத்தை அரசுப் பள்ளிக்கே செலவு செய்யுங்கள். தனியாருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள் சிலர். "ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். அதற்குத்தான் சட்டம் வந்தது" என்கிறார்கள் வேறு சிலர். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

குலுக்கலில் விழாத பிள்ளை

10 இடத்துக்கு 30 பேர் என்றால் 20 பிள்ளைகளுக்குச் சீட்டு விழாது. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் இது மாறாது. அந்த 20 பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

இங்கேதான் நாம் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். குலுக்கல் தனியார் பள்ளி இடத்துக்கு மட்டும்தான். பக்கத்து அரசுப் பள்ளியில் சேருவதற்குக் குலுக்கல் இல்லை. அது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளி திறந்து நாளாகிவிட்டது என்றும் சொல்லக் கூடாது.

ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்க வேண்டும். தண்ணீர் இருக்க வேண்டும். கக்கூஸ் இருக்க வேண்டும். பாடம் நடக்க வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளி நன்றாக இருந்தால், சீட்டு விழாத பிள்ளைக்கு நஷ்டம் இல்லை. அது கெட்டுக் கிடந்தால், 10 பிள்ளைக்கு நல்ல படிப்பு, 20 பிள்ளைக்கு மிச்சம் மீதி என்று ஆகிவிடும். பந்தியில் சோறு போதவில்லை என்றால் இன்னும் ஒரு உலை வைக்க வேண்டும் அல்லவா?

அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. அரசுப் பள்ளியில் பெற்றோர் குழு இருக்க வேண்டும். கர்நாடகத்தில் அதை எஸ்.டி.எம்.சி. என்கிறோம். சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று அவர்கள் பார்க்கலாம், கேட்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, சாதி வருமானச் சான்று இவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

வட்டாரக் கல்வி அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள். அதை பி.இ.ஓ. ஆபீஸ் என்பார்கள். இந்த ஆண்டு எந்தப் பள்ளியில் எத்தனை இடம் என்று பட்டியல் கேளுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டு சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

விண்ணப்பம் போட்டால் ரசீது வாங்குங்கள். அதில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். பிள்ளையின் பெயர், வயது, முகவரி சரியாக இருக்கிறதா என்று நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைய வேண்டி வரலாம்.

இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நியாயம் நடக்கவில்லை என்று தோன்றினால் எழுத்தில் புகார் கொடுங்கள். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அப்பீல் போகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இடம் யார் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்ட வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். விண்ணப்பம் போடத் தெரியாதவருக்கு உதவுங்கள். "அவர்கள் போட்டால் நம் பிள்ளைக்கு இடம் குறையுமே" என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து பட்டியல் கேட்டால் ஆபீசில் பதில் வரும். தனியாகப் போய் நின்றால் "நாளைக்கு வா" என்பார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு பள்ளியில் சேர வேண்டும்? எல்லோருக்கும் பிறப்புச் சான்று இருக்கிறதா?

2. வரிசை, பரீட்சை, தூரம், குலுக்கல். இதில் எது நியாயமான வழி? ஏன்?

3. உங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் என்ன குறை இருக்கிறது? எஸ்.டி.எம்.சி.யில் இருப்பவர்கள் யார்? கூட்டம் எப்போது நடந்தது?