யாழினி என்னும் பெயரும் ழகர ஒலியும்

அண்மைக் காலத்தில் முதலாம் ஆண்டில் சேரும் பெண்மக்களிடையே 'யாழினி' என்னும் பெயரை இடையிடையே காண்கிறோம். பெருவழக்கான பெயரன்று, ஆயினும் கேட்டவர் மனத்தில் நிற்கும் பெயர். நம் பாட்டிமார் காலத்துத் தோட்டங்களில் முனியம்மா, மாரியாயி, இலட்சுமி, பாப்பாத்தி என்பனவே மிகுதி. 1916 ஆம் ஆண்டில் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலையாக்கிக் கொண்ட அடிகளாரின் தனித்தமிழ் இயக்கமும், 1952 இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய தமிழர் திருநாளும் தமிழ்ப் பெயர்கள்பால் நம்மவரின் நாட்டத்தைத் திருப்பின. அவ்வழியில் வந்தவையே குழலி, கயல்விழி, எழிலரசி, யாழினி முதலியன. இவை நான்கிலும் ழகரம் இருப்பதை நோக்குக.

யாழ் என்பது பண்டைத் தமிழரின் நரம்பிசைக் கருவி. பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7. வழக்கொழிந்த அக்கருவியை ஆராய்ந்து விபுலானந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. யாழைப் போன்று இனியவள் என்று யாழினிக்குப் பொருள் கொள்வர்.

இனி, ஒலிக்கு வருவோம். இடர் இங்கேதான் உள்ளது. நம்மிற் பலர் பழத்தைப் 'பளம்' என்றும் மழையை 'மளை' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்நாவினால் அழைக்கும்போது யாழினி 'யாளினி' ஆகிறாள். யாளி என்பது கோவில் தூண்களிற் காணும் சிங்கமுகமும் துதிக்கையும் உடைய விலங்கு! மகளுக்கு யாழைச் சூட்டிவிட்டு யாளியைச் சொல்லி அழைப்பது முறையாகுமோ?

ளகரத்தைச் சொல்லும்போது நாநுனி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காற்று நாவின் இரு பக்கமாக வெளியேறுகிறது. ழகரத்தில் நாநுனி மேல்நோக்கி வளைந்து பின்செல்கிறது; ஆனால் ஒட்டுவதில்லை. காற்று நாவின் நடுவழியே தடையின்றிச் செல்கிறது. நாநுனி அண்ணத்தை வருடுவதாகவே தொல்காப்பியமும் இவ்வொலியின் பிறப்பைக் கூறும். மாணவர்களே, கண்ணாடியின் முன் நின்று 'யாழ்' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். நா எங்கேனும் ஒட்டினால் அது ழகரம் அன்று. (இவ்வொலி தமிழுக்கு மட்டுமே உரியது என மேடைகளிற் சொல்லக் கேட்கிறோம். மலையாளத்திலும் அது வழங்குகிறது.)

பிறமொழியாளர் நாவில் ழகரம் நிலைப்பதில்லை. தமிழ் 'தமில்' ஆயிற்று. சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆயிற்று. ஆகவே பிறப்புப் பதிவின்போது பெற்றோர் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். அன்று உரோமன் எழுத்தில் எழுதப்படுவதே பள்ளிப் பதிவேட்டிலும், 12 வயதில் பெறும் அடையாள அட்டையிலும், பின்னர்ச் சான்றிதழ்களிலும் தொடரும். தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றி இசட், எச் ஆகிய இரண்டையும் சேர்த்தெழுதினால், மலாய் மொழி பழகியவர் 'யாஸ்ஹினி' என்று படிக்கக்கூடும். எல் மட்டும் இட்டால் 'யாலினி' என்பர். இரண்டும் குறையுடையனவே. எனினும், தமிழ் என்னும் சொல்லையே எல் இட்டு எழுதும் இந்நாட்டில் எல் எழுத்தே இடர் குறைந்தது என்பது எம் கருத்து. எதைத் தேர்ந்தாலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறினாலும், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலை பெற்றோர்க்கு நேரும்.

உரோமன் எழுத்து எதுவாயினும், குழந்தை தன் பெயரை முதலிற் கேட்பது தாய் தந்தையர் வாயிலிருந்துதான். மருந்தகத்திலோ இடைநிலைப் பள்ளியிலோ பிறர் தவறாக அழைத்தால், "என் பெயர் யாழினி" என்று அவள் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால், வீட்டில் அவ்வொலி வழங்கியிருத்தல் வேண்டும். சிறு குழந்தைகட்கு ழகரம் பிந்தியே வரும். மூன்று வயதுச் சிறுமி தன்னை 'யாயினி' என்றால் நகையாடுதல் வேண்டா. அவள் சொன்னவாறே திருப்பிக் கொஞ்சுதலும் வேண்டா. அவள் முகம் பார்த்து, பெயரை முழுமையாகச் சொல்லி அழைத்தால் போதும்; நாளடைவில் அவள் நாவும் வளையும்.