ஊர் சுற்றி வீடு திரும்பும் புத்தகம்

நீங்கள் இரவல் கொடுத்த புத்தகம் எப்போதாவது பல ஊர் சுற்றிவிட்டு, பத்திரமாக உங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறதா?

அதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'புக் கிராஸிங்' என்கிற வாசகர் இயக்கத்தில் அதை 'புக் ரிங்' என்கிறார்கள். புத்தக வளையம் என்று சொல்லலாம். ஒருவர் தன்னிடம் இருக்கும் ஒரு புத்தகத்தை முதல் வாசகருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் படித்து முடித்ததும், அடுத்தவரிடம் முகவரி கேட்டு வாங்கி, தபால்தலை ஒட்டி அனுப்பிவைப்பார். இப்படியே கைமாறிக் கைமாறி, கடைசி வாசகர் அதை உரியவருக்கே திருப்பி அனுப்புவார். திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்தால் அதற்கு வேறு பெயர்: 'புக் ரே', அதாவது புத்தகக் கதிர்!

இந்தப் பயணத்துக்குச் சிறுகதைத் தொகுப்பு ரொம்பப் பொருத்தம். பஸ்ஸில் ஒரு கதை, தூங்கப் போகும்முன் ஒரு கதை என்று படித்துவிடலாம். போகும்போது புத்தம் புதிதாக இருந்த புத்தகம், முனை மடங்கி, முதுகு தளர்ந்து, ஏதோ ஒரு பக்கத்தில் காபிக் கறையோடு வீட்டுக்கு வரும். எத்தனை பேர் ஆசையாகப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட அழகான அடையாளம் கிடையாது.

இந்த வாரம் வெளியூர்த் தோழிக்கு ஒரு கதைப் புத்தகம் அனுப்பிப் பாருங்களேன். அடுத்து யாருக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, மறக்காமல் உள்ளே வையுங்கள்.