அறிக்கை எழுதப் பழகுதல்

குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் 1961ஆம் ஆண்டு இந்திய மேலாண்மைக் கழகம் நிறுவப்பட்டது. அதனை உருவாக்கியோருள் அறிவியலறிஞர் விக்ரம் சாராபாய் ஒருவர். தொடக்கக் காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதற்குத் துணை நின்றது. அங்குப் பயிலும் மாணவர் கணக்கியல், சந்தையியல் முதலியவற்றோடு அறிக்கை எழுதுவதையும் தனிப் பாடமாகக் கற்பர். கணக்கில் வல்லவருக்கும் இப்பாடம் எளிதன்று.

ஒரு நிறுவனத்தின் நிலையை விரித்துரைக்கும் பல பக்கக் குறிப்பு மாணவரிடம் தரப்படும். விற்பனைக் கணக்கு, கடிதங்கள், அலுவலர்களின் மாறுபட்ட கருத்துகள் யாவும் அதில் கலந்து கிடக்கும். சிக்கல் யாது, அதைத் தீர்க்கும் வழிகள் எவை, அவற்றுள் ஏற்றது எது, அது ஏன் ஏற்றது என்பவற்றை ஆராய்ந்து, குறித்த நேரத்துக்குள், குறித்த சொல்லளவுக்குள் எழுதி ஒப்படைத்தல் வேண்டும். படித்தவை அனைத்தையும் எழுதிவிடும் ஆசை எவருக்கும் எழும். அதை அடக்குவதே இப்பயிற்சியின் கடினமான பகுதி.

எடுத்துக்காட்டாக, ஒரு பால் நிறுவனத்தில் கோடைக்காலத்தில் நாள்தோறும் 500 லிட்டர் பால் வழியிலேயே கெடுகிறது எனக் கொள்வோம். ஒருவர், "பால் வழங்குவதில் சில இடர்ப்பாடுகள் காணப்படுகின்றன; தக்க நடவடிக்கை எடுத்தல் நலம்" என்று எழுதுகிறார். இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் அதைப் படித்த மேலாளர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய இயலாது. மறுநாளும் பால் கெடும். மற்றொருவர், "நாள்தோறும் 500 லிட்டர் பால் கெடுகிறது. ஏப்ரல் மாதத்துக்குள் குளிரூட்டும் வசதியுள்ள இரண்டு வண்டிகளை வாடகைக்கு அமர்த்த வேண்டும்" என்று முதல் வரிகளிலேயே எழுதுகிறார். வாடகைக் கணக்கும் காரணங்களும் அவற்றின் பின் வருகின்றன. மேலாளர் உடன்படலாம், மறுக்கலாம். எதற்கு விடை கூற வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

அதே செய்தியை வண்டி ஓட்டுநருக்குச் சொல்லும்போது வாடகைக் கணக்கு வேண்டா. புறப்படும் நேரமும் செல்லும் வழியும் போதும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் எனப் பேசி வளரும் பிள்ளைகளுக்குக் கேட்பவரை அறிந்து பேசுவது புதிதன்று. தாத்தாவிடம் ஒரு விதமாகவும் தலைமையாசிரியரிடம் வேறு விதமாகவும் அவர்கள் நாள்தோறும் பேசுகின்றனர். அதனையே எழுத்தில் செய்யப் பல்கலைக்கழக மாணவர் பல மாதங்கள் பயில்கின்றனர்.