தலைகீழாகத் தொடங்கும் மரம்

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்துப் பொங்கல் சந்தையில் கரும்புக்கும் மஞ்சள்குலைக்கும் பக்கத்திலேயே பனங்கிழங்குக் கட்டுகள் குவிந்திருக்கும். மண்ணோடு வாங்கி வந்து, கழுவி, அவித்து, உரித்துத் தின்கிறோம். இதற்கென்று யாரும் உரம் வைப்பதில்லை, மருந்தடிப்பதில்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற கொட்டையைப் பொறுக்கி வந்து, அடுக்கி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மூன்று நான்கு மாதங்களில் மண்ணுக்குள் நடக்கிற காரியம், நம் ஊர்ச் செடி கொடிகளில் நான் அறிந்த வியப்புகளிலேயே பெரியது.

அதை நுங்கிலிருந்து தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நாம் விரலால் தோண்டிக் குடிக்கும் நுங்கு, பனைவிதை தன் குழந்தைக்காகச் சேர்த்து வைக்கத் தொடங்கியிருக்கும் உணவு. அப்போது அது நீரும் வழவழப்பான சதையுமாக இருக்கிறது. வெட்டாமல் மரத்திலேயே விட்டால் நாளாக ஆக இறுகி, கடைசியில் அரிவாளுக்கும் எளிதில் மசியாத வெள்ளைப் பருப்பாகிவிடும். நெல் தன் விதையில் மாவுச்சத்தைச் சேர்க்கிறது, நிலக்கடலை எண்ணெயைச் சேர்க்கிறது. பனை இரண்டையும் நம்பவில்லை. பருப்பின் செல்சுவர்களையே தடிக்கத் தடிக்கக் கட்டி, உணவை அந்தச் சுவருக்குள் பூட்டி வைக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த அந்தப் பொருளுக்கு மானன் என்று பெயர். தென் அமெரிக்காவில் பனைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் விதையைக் கடைந்து சட்டைப் பொத்தான் செய்தார்கள். யானைத் தந்தம்போல் இருந்த அந்த விதையின் கடினத்துக்கும் இதே மானன்தான் காரணம்.

ஆடி பிறந்ததும் பழம் விழத் தொடங்கும். புரட்டாசி வரை விழும். பனம்பழ வாசம் பிடிக்காதவர்கள் உண்டு. பிடித்தவர்களுக்கு அதற்கு ஈடு கிடையாது. தணலில் சுட்டு, நாரோடு சேர்த்துச் சப்பிச் சாப்பிடுவது ஒரு வழி. யாழ்ப்பாணத்தில் பழக்களியைப் பிழிந்து மாவோடு பிசைந்து பணியாரம் சுடுவார்கள். களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பினாட்டு செய்வார்கள். சில மரத்துப் பழம் தித்திக்கும், சிலவற்றில் கசப்பு தூக்கலாக இருக்கும். பிளபெலிபெரின் என்ற சேர்மங்கள் பழச்சதையில் இருப்பதால் வரும் கசப்பு அது. பழத்தை மாடும் தின்னும், மனிதரும் தின்போம். எஞ்சும் கொட்டைகள், ஒரு பழத்துக்கு மூன்று வரை, நார் சுற்றியபடி தரையில் கிடக்கும்.

ஈரம் பட்ட கொட்டையின் கண் வழியாக வெள்ளையாக ஒன்று எட்டிப்பார்க்கும். பார்ப்பவர்கள் வேர் என்று நினைப்பார்கள். வேர் அல்ல அது. வித்திலையின் காம்பு நீண்டு குழாய்போல் வெளியே வருகிறது. அந்தக் குழாயின் நுனிக்குள் பனையின் கரு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது: வேராகப் போகிற பகுதி, குருத்தாகப் போகிற பகுதி, எல்லாம். பெரும்பாலான விதைகளில் வேர் கீழே போகும், முளை மேலே வரும். பனையில் முளையும் சேர்ந்தே கீழே போகிறது. மண் இளக்கமாக இருந்தால் ஓரடி, அதற்கும் மேல் இறங்கிய பிறகுதான் நின்று, அங்கிருந்து வேரைக் கீழேயும் குருத்தை மேலேயும் அனுப்புகிறது. உணவு மேலே கொட்டைக்குள், குழந்தை கீழே ஆழத்தில். இரண்டையும் அந்த ஒரு குழாய்தான் தொப்புள்கொடியாக இணைக்கிறது.

கொட்டைக்குள் என்ன நடக்கிறது? வித்திலையின் இன்னொரு முனை வெளியே வராமல் உள்ளேயே தங்கி, பஞ்சுபோல் உப்பத் தொடங்குகிறது. தென்மாவட்டங்களில் தவுண் என்றும் யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் சொல்வது இதைத்தான். இது நொதிகளைச் சுரந்து, அந்தக் கல் பருப்பைச் சுவர் சுவராகக் கரைக்கிறது. மானன் உடைந்து சர்க்கரையாகிறது. தவுண் அதை உறிஞ்சிக் குழாய் வழியே கீழே அனுப்புகிறது. பருப்பு கரையக் கரைய அந்த இடத்தைத் தவுண் அடைத்துக்கொள்ளும்; முடிவில் ஓட்டுக்குள் தவுணைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

கொட்டை முளைத்துக் கிழங்கு திரளுவதற்கு முன்பே ஒன்றிரண்டைத் தோண்டி நடுவில் வெட்டிப் பாருங்கள். தவுண் உருண்டையாக, ஈரமாக, மொறுமொறுப்பும் இனிப்புமாக இருக்கும். கடையில் அரிதாகத்தான் கிடைக்கும் பண்டம் இது. கிழங்கு முற்றிய பின் வெட்டினால் சர்க்கரையெல்லாம் இறங்கிப்போய், தவுண் சக்கையாக இருக்கும்.

இறங்கிய சர்க்கரை எங்கே போனது என்பதற்கான விடைதான் நம் தட்டில் இருக்கிறது. ஆழத்தில் நின்றுவிட்ட கருவின் குருத்தைச் சுற்றி, முதல் இலையின் உறை சதைப்பற்றாகத் தடிக்கிறது. வந்த சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றித் தன்னுள் நிரப்பிக்கொள்கிறது. தாவர உடற்கூற்றின்படி பார்த்தால் நாம் தின்பது வெயிலையே காணாத ஓர் இலை. அவித்த கிழங்கை இரண்டாகக் கிழித்து, நடுவிலிருந்து மெல்லிய பீலியை உருவி எறிகிறோமே, அதுதான் மேலே வந்து ஓலையாக வேண்டிய குருத்து. மே மாதத்து நுங்கு, செப்டம்பரின் கல்லாகி, நவம்பரின் தவுணாகி, ஜனவரியின் கிழங்காகிறது. ஒரே உணவு மரத்திலிருந்து மண்ணுக்குள் இடம் மாறிக்கொண்டே போகிறது. வழியில் எங்கே மறித்தாலும் நமக்குச் சாப்பாடு.

பனை ஏன் இப்படித் தலைகீழாகத் தொடங்குகிறது? வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும் நிலத்தின் மரம் அது. மேலே இருந்தால் ஆடு மேயும், காட்டுத்தீ பொசுக்கும், மாசி வெயில் உலர்த்தும். ஓரடி கீழே அந்த ஆபத்துகள் எட்டுவதில்லை, ஈரமும் நெடுநாள் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. வேம்பும் புளியும் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். பனைக்கு அப்படிப் பருக்கச் செய்யும் வளர்திசு கிடையாது. தண்டு முதலிலேயே தேவையான பருமனை எட்டிவிட்டுத்தான் உயரத் தொடங்க முடியும். அந்தப் பருமனைப் பனை மண்மட்டத்துக்குக் கீழே இருந்தே தேடிக்கொள்கிறது. வெளியே ஓலை மட்டும் விரித்தபடி வடலியாகப் பல ஆண்டுகள் நிற்பதன் இரகசியம் இதுதான். பனங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது அரிது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது: உயிர்நுனி எங்கோ ஆழத்தில் கிடக்க, நாம் மேலே இருப்பதைப் பிடித்து இழுக்கிறோம்.

இது தெரிந்தால் பாத்தி போடுவது எளிது. கிழங்கு நேராக, நீளமாக வர வேண்டுமானால் அது இறங்கும் வழி இளக்கமாக இருக்க வேண்டும். மணலும் செம்மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக, கண் கீழே பார்க்கும்படி அடுக்கி, மெல்லிதாக மண் மூடினால் போதும். இறுகிய தரையில் போட்டால் கிழங்கு கோணிக்கொண்டு போகும். இடமில்லாதவர்கள் மணல் நிரப்பிய ஆழமான சாக்கில் போடலாம். ஆழம் குறைந்த தொட்டி மட்டும் உதவாது. தை பிறக்கும்போது பாத்தியின் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சரித்து எடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் குழாய் அறுந்து, கிழங்கு உள்ளேயே நின்றுவிடும்.

உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தால் அப்படியே தின்னலாம். தும்பு நீக்கி, மிளகு, பூண்டு, தேங்காயோடு உரலில் இடித்த துவையல் என் கணக்கில் இதைவிட ஒரு படி மேல். அறுவடை மிகுந்தால் வெயில் இருக்கிறது. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு போக நீரை வடித்துவிட்டு, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், புளி, மிளகாய் சேர்த்து யாழ்ப்பாணத்தார் காய்ச்சும் கூழ், ஒரு பெரிய குடும்பமே சுற்றி உட்கார்ந்து குடிக்க வேண்டிய பண்டம். மாவை ஊறவைத்து வடிப்பதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு கிழங்கும் ஒரு பனை. அதைத் தின்பதில் தவறில்லை, மரம் ஆண்டுதோறும் தேவைக்கு மிக அதிகமாகவே விதைக்கிறது. ஆனால் பொறுக்கி வந்த கொட்டை எல்லாம் பாத்திக்கும் சந்தைக்குமே போனால், செங்கல் சூளைக்கு வெட்டுண்ட பனைகளின் இடத்தில் எது முளைக்கும்? மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெட்டாமல் காப்பது அரசின் வேலை என்றால், முளைக்க விடுவது நம் வேலை. வரும் ஆவணியில் கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் பத்தில் ஒன்றையாவது ஏரிக்கரையிலோ வரப்போரத்திலோ அங்கேயே புதைத்துவிட்டு வாருங்கள். பிடுங்கி நட முடியாத மரம் என்பதால், அது நிற்க வேண்டிய இடத்திலேயே புதையுங்கள்.