விளையாட்டு எப்போது வினையாகிறது?



ஒரு துண்டுக் கட்டுக் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். அதை ஒரு முறை வளைத்து நிமிர்த்துங்கள். ஒன்றும் ஆவதில்லை. இப்போது அதே இடத்தில் முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கம்பி முறிந்து விடும். கடைசி முறை வளைத்தபோது நீங்கள் அதிக விசை எதையும் செலுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைப்பிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய விரிசல்கள் வளர்ந்து கொண்டே வந்தன. பொறியியலார் இதனை ‘உலோகச் சோர்வு’ என்பர்.

மனித மனத்திலும் இத்தகைய சோர்வு உண்டா? ஒரு நாள் கேலி செய்தால் நாம் தாங்கிக் கொள்கிறோம். அதே கேலி நாள்தோறும் தொடர்ந்தால் என்ன ஆகும்?

இக்கேள்வியை ஆராய்வதற்கு முன், எதனைத் துன்புறுத்தல் என்கிறோம் என்று வரையறுத்துக் கொள்ள வேண்டும். நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் என்ற உளவியலார், 1970களிலேயே பள்ளிச் சிறுவர்களிடையே இதனை முறையாக ஆராய்ந்தவர். அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார். ஒன்று, வேண்டுமென்றே செய்வது. இரண்டு, திரும்பத் திரும்பச் செய்வது. மூன்று, எதிர்த்து நிற்க இயலாத ஒருவரிடம் வலியவர் செய்வது. சம வலிமை உள்ள இருவர் கேரம் பலகைக்காகச் சண்டையிட்டு, மறுநாள் சேர்ந்து விளையாடினால் அது வெறும் சண்டைதான். உடற்பருமனையோ திக்குவாயையோ சொல்லி ஒரு மாணவனை நாள்தோறும் பட்டப்பெயரிட்டு அழைப்பது, அவனை மட்டும் ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவது, கைப்பேசிக் குழுவில் அவன் படத்தைப் போட்டுச் சிரிப்பது ஆகியவை துன்புறுத்தலே. அடி விழுந்தால்தான் துன்புறுத்தல் என்பதில்லை.

பள்ளியில் நடந்தால் ஆசிரியர் கண்டிப்பார். வீட்டில் நடந்தால்? “அண்ணன் தம்பி என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் விட்டு விடுகிறார்கள். இப்படி விட்டு விடலாமா என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. பிரிஸ்டல் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அக்குழந்தைகளுக்கு 12 வயதானபோது, உடன்பிறந்தோர் தங்களைத் துன்புறுத்துகிறார்களா என்று கேட்டனர். 18 வயதில் அவர்களுடைய மனநலத்தைச் சோதித்தனர். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. துன்புறுத்தல் இல்லாத வீட்டுப் பிள்ளைகளில் 100க்கு 6.4 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. வாரத்தில் பல முறை துன்புறுத்தப்பட்டவர்களில் அது 100க்கு 12.3 பேர், அதாவது ஏறத்தாழ இரு மடங்கு! பதற்ற நோயோ 9.3இலிருந்து 16 ஆக உயர்ந்திருந்தது. துன்புறுத்தியவர்களில் அண்ணன்மார்களே மிகுதி.

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். தவளை கத்துவதும் மழை பெய்வதும் சேர்ந்தே நிகழ்கின்றன. அதனால் தவளைதான் மழையைக் கொண்டு வருகிறது என்று சொல்லலாமா? நல்ல கேள்வி. பெற்றோரின் சண்டை, தாயின் மனச்சோர்வு, பள்ளித் துன்புறுத்தல் போன்ற பிற காரணங்கள் இருக்கக் கூடும். ஆய்வாளர்கள் இத்தகைய காரணங்களையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தனர். தொடர்பு சிறிது குறைந்ததே தவிர மறையவில்லை. இத்தகைய ஆய்வு ஒன்றினால் மட்டும் காரணத்தை ஐயமற நிறுவி விட முடியாது. ஆயினும் ‘சும்மா விளையாட்டு’ என்று தள்ளி விடவும் முடியாது.

காரணத்தை ஊகிப்பதும் கடினமன்று. பள்ளியில் மாலை மணி அடித்தால் துன்பம் அன்றைக்கு ஓய்கிறது. வீட்டில் மணி அடிப்பதில்லை. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் அதுவே. பள்ளியிலும் வீட்டிலும் ஒருசேரத் துன்புறும் பிள்ளைக்கு மூச்சு விடவும் இடமில்லை.

சரி, இதில் நாம் என்ன செய்ய முடியும்? கனடாவின் டொரான்டோ நகரில் பள்ளி மைதானங்களில் நடப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். 2001இல் வெளியான அதன் முடிவு நமக்கு ஒரு வழி காட்டுகிறது. துன்புறுத்தல் நிகழ்ந்தபோது 100க்கு 88 தடவை வேறு பிள்ளைகளும் அருகில் இருந்தனர். ஆனால் அவர்கள் குறுக்கிட்டதோ 19 தடவைதான். அவ்வாறு குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், அதாவது 57 விழுக்காட்டில், துன்புறுத்தல் பத்தே விநாடிகளில் நின்று விட்டது! குறுக்கிடுவது என்றால் கை ஓங்குவதன்று. “போதும், விடப்பா” என்ற ஒரு சொல்லோ, “வா, நாம் போகலாம்” என்று பாதிக்கப்பட்டவனை அழைத்துச் செல்வதோ போதும். அஞ்சத்தக்க நிலையானால் ஓடிச் சென்று ஆசிரியரை அழைப்பதும் குறுக்கீடுதான்.

நீங்கள் அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்தால் ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள். உங்கள் கேலிக்குத் தம்பியும் சேர்ந்து சிரிக்கிறானா, அல்லது நீங்கள் மட்டும் சிரிக்கிறீர்களா? விளையாட்டுக்கும் வினைக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தெரிந்து விடும்.

நீங்களே துன்புறுபவரானால், அது உங்கள் குற்றமன்று. உறக்கம் கெடுவது, பசி குறைவது, பிடித்த பாடமும் கசப்பது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மறைக்காதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கம்பியில் விழுந்த விரிசல் தானாக ஆறாது. மனம் அப்படிப்பட்டதன்று. அடிக்கடி துன்புற்ற அந்த இங்கிலாந்துப் பிள்ளைகளிலும் 100க்கு 87 பேருக்கு மேல் 18 வயதில் மனச்சோர்வு நோய் காணப்படவில்லை என்பதை மறவாதீர்கள். எஞ்சியவர்களுக்கும் மருத்துவ உதவி உண்டு. நாளை இடைவேளையில் உங்கள் வகுப்பில் தனியாக அமர்ந்திருக்கும் மாணவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.